ஆர்கன் ஆண்ட்டிக்கு, ஆமென் இல்லாமல்

உங்கள் ஷூ இரண்டும் இப்போது என் காரின் பின் சீட்டில் இருக்கின்றன. இன்று மதியம் சர்ச் அலுவலகத்துப் பெண் ஒரு மளிகைக் கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். ஆர்கனுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைச் சுத்தம் செய்தார்களாம். "இது உன்னுடையதா?" என்று கேட்டாள். தெருவில் ஒருநாளும் நடக்காத ஷூ. ஆர்கனின் கால்கட்டைகளை மிதிப்பதற்கென்றே வைத்திருந்தீர்களே, மெல்லிய தோல் அடியும் கொஞ்சம் உயர்ந்த குதிகாலுமாக, அதுதான். என் கால் அதற்குள் பாதிகூடப் போகாது. ஆனாலும், "ஆமாம், என்னுடையதுதான்" என்று வாங்கிக்கொண்டேன். பையைத் திறந்ததும் பாலிஷ் வாசனையும், எந்நேரமும் நீங்கள் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் இருமல் மிட்டாய் வாசனையும் சேர்ந்து வந்தன. பார்க்கிங் லாட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனேன்.

இதை உங்களால் வாசிக்க முடியாது. அதுவும் நல்லதுதான். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டாவது வரியிலேயே திருத்தப் பென்சிலை எடுத்துவிடுவீர்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் என் வாய்க்கு வந்த தமிழில்தான் எழுதப்போகிறேன். நடுநடுவே நாசரேத் வாடை அடித்தால், அது பைபிளில் வரும் ஊர் இல்லை, என் ஊர், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் சந்தித்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் ஆட்களின் ஆராதனை காலையில் முடிந்துவிடும். மதியம் அதே கட்டிடத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழ் ஆராதனை. காலையில் நீங்கள் மாடியில் ஆர்கன் வாசிப்பீர்கள், மதியம் நான் கீழே கீபோர்டு வாசிப்பேன். வாரநாளில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு, இதுதான் என் பிழைப்பு. மாடியில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருக்கிறார் என்பதற்கு மேல் உங்களைப் பற்றி எங்கள் சபையில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. பிள்ளைகள் மட்டும் உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஆர்கன் ஆண்ட்டி என்று.

எங்கள் ஆராதனையில் ஒரு நேரம் உண்டு. "எல்லாரும் வாயைத் திறந்து ஜெபிப்போம்" என்பார் பாஸ்டர். உடனே மொத்தச் சபையும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கும். அவரவர் பாடு அவரவருக்கு. ஒருவர் கிரீன் கார்டுக்காக, ஒருவர் மகளின் பிரசவத்துக்காக, ஒருவர் ஊரில் இருக்கும் அம்மாவின் முழங்காலுக்காக. சிலர் அழுவார்கள். சிலர் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று ஒரே சொல்லையே உருட்டிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் பாஸ்டர் மைக்கில் "ஆமென்" என்பார், எல்லோரும் "ஆமென்" என்பார்கள், சத்தம் கப்பென்று நின்றுவிடும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் அதில் எனக்கு ஒரு விசேஷமும் தெரிந்ததில்லை.

அன்றைக்குச் சரியாக அந்த நேரத்தில் என் கீபோர்டின் ஒயர் மக்கர் செய்தது. மாடியில் எக்ஸ்டென்ஷன் ஒயர் இருக்குமா என்று தேடி ஏறி வந்தேன். பார்த்தால், நீங்கள் ஆர்கன் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறீர்கள். கண் மூடியிருக்கிறது. ஐயோ, போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறதே என்று நினைத்து, "ஏசப்பா!" என்று கத்திவிட்டேன். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதே, நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது" என்றீர்கள்.

கீழே ஆமென் கேட்டதும்தான் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

"இதை யார் நடத்துகிறார்கள்?"

"யாரும் நடத்தவில்லை. அவரவர் கடவுளிடம் பேசிக்கொள்கிறார்கள்."

"எப்போது நிறுத்துவதென்று எப்படித் தெரியும்?"

"பாஸ்டர் ஆமென் சொன்னால் நிறுத்த வேண்டியதுதான்."

"சொல்லாவிட்டால்?"

"சொல்லாவிட்டால் பிரியாணி ஆறிப் போகும்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தீர்கள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அப்புறம், மரத்தரையில் முதுகை வைத்தால் காதைவிட நன்றாகக் கேட்கும் என்று விளக்கம் வேறு சொன்னீர்கள்.

அதன்பின் ஆராதனை முடிந்ததும் ஒரு பேப்பர் தட்டில் வடையோ பிரியாணியோ எடுத்துக்கொண்டு மாடிக்கு வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வடிய வடிய ஒன்று விடாமல் தின்பீர்கள். தின்றுகொண்டே பேசுவீர்கள். உங்கள் கதை எனக்கு அப்படித் தெரிந்ததுதான், முன்னும் பின்னுமாக, வாய் நிறையச் சோற்றோடு.

டெக்சாஸில் சுகர் லேண்டுக்குப் பக்கத்தில் பிறந்தீர்கள். அப்பா பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். அப்போது அங்கே கரும்புக் காடும் சர்க்கரை ஆலையும்தான். ஆலைச் சங்கு ஊதினால் ஊர் நாயெல்லாம் சேர்ந்து ஊளையிடும், அதுதான் நான் கேட்ட முதல் சேர்ந்திசை என்பீர்கள். இப்போது அங்கே என் பெரியப்பா மகன் வீடு வாங்கியிருக்கிறான். சொன்னேன். பதினெட்டு வயதில் பஸ் ஏறி கலிபோர்னியா போனீர்கள். டேப் ரெக்கார்டரின் நாடாவை வெட்டி ஒட்டி, அறையின் இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னல் வரை இழுத்து, நடுவில் பென்சில் பிடித்துச் சுற்ற வைத்து இசை செய்தீர்கள். சன்னிவேலில் ஒரு தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ப் பேசி, எல்லோருடைய கார் கராஜ் கதவுகளையும் நீங்கள் கைகாட்டும்போது திறந்து மூட வைத்தீர்கள். அந்தக் காலத்துக் கதவு, ஸ்பிரிங் துருப்பிடித்து ஒவ்வொன்றும் ஒரு மாதிரி முனகுமாம். எதிர்த் தெருக்காரி ஒருத்தி போலீஸுக்குப் போன் போட்டாள். 'அவான் கார்ட்', அதாவது காலத்தை மிஞ்சிய புதுமைக்காரி, என்று பத்திரிகையில் உங்களைக் கேலியாக எழுதியது அப்போதுதான். சன்னிவேலில் என் தங்கை இருக்கிறாள். அதையும் சொன்னேன். "நான் எங்கெல்லாம் போனேனோ அங்கெல்லாம் பின்னாலேயே வந்து வீடு வாங்கியிருக்கிறீர்கள்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள்.

ஐரோப்பாவில் கூப்பிட்டு மேடை ஏற்றினார்கள். இங்கே ஒரு பல்கலைக்கழகம் வேலை கொடுத்தது, கொஞ்ச காலத்தில் எடுத்துக்கொண்டது. நியூ ஜெர்சிக்கு வந்து ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினீர்கள், அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். மிஞ்சியது இந்த ஆர்கன். கடவுள் நம்பிக்கை டெக்சாஸிலேயே போய்விட்டது என்று தயக்கமில்லாமல் சொல்வீர்கள். "ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் தாமதமாக வந்ததில்லை" என்பீர்கள். அதில் உங்களுக்கு அவ்வளவு பெருமை.

ஒருநாள் வீட்டில் உங்கள் பழைய இசைத்தட்டு ஒன்றை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துப் போட்டுக் கேட்டேன். சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர், "என்ன, வாஷிங் மெஷின் ஸ்பின் ஆகுது போல, டோர் சரியா க்ளோஸ் பண்ணலையா?" என்றார். அடுத்த வாரம் அவரை உங்களிடம் போட்டுக் கொடுத்தேன். கோபப்படுவீர்கள் என்று பார்த்தால், "உன் புருஷனுக்கு நல்ல காது" என்றீர்கள்.

உங்கள் ஆசை எனக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது. சங்கீதம் என்றால் ஆரம்பம்தான் கஷ்டம் என்று நான் நினைத்திருந்தேன். உங்களுக்கு முடிவுதான் கஷ்டம். கராஜ் கதவு இசை போலீஸ் வந்ததால் முடிந்தது. ஃப்ரீவே பாலத்தின் அடியில் செய்த ஒன்று மழை வந்ததால் முடிந்தது. டேப் இசை நாடா தீர்ந்ததால் முடிந்தது. "மற்றதெல்லாம் நான் கையைக் காட்டியதால் முடிந்தது, அதுவும் ஒரு போலீஸ்தானே" என்பீர்கள். சொல்ல வேண்டியதை அவரவர் சொல்லித் தீர்த்ததால் மட்டுமே முடிகிற ஒரு இசையைச் சாவதற்குள் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை. இளவயதில் நல்ல பாடகர்களை வைத்துச் செய்து பார்த்தீர்களாம். ஒருவர் நிறுத்தியதும் பக்கத்தில் இருப்பவருக்குக் கூச்சம் வந்துவிடும், அவரும் நிறுத்துவார், மளமளவென்று எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். "கடைசிக் குரலாக இருக்க யாருக்கும் பிடிக்காது" என்றீர்கள். "உன் ஆட்களுக்குக் கூச்சம் இல்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று அவர்கள் பார்ப்பதே இல்லை."

எங்கள் ஆட்களைப் பற்றி இப்படி ஒரு நல்ல வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு பொட்லக்குக்கு யார் என்ன கொண்டுவருவது என்பதிலேயே நாங்கள் அடித்துக்கொள்வோம். சரி, இதை ஒரு கச்சேரியாகச் செய்யலாமா என்று பாஸ்டரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

பாஸ்டர் நல்ல மனிதர். முகத்தில் அடித்தாற்போல எதையும் சொல்ல மாட்டார். "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஜெபம்ங்கிறது டிக்கெட் போட்டுக் காட்டுற விஷயமா? அவங்கவங்க அழுகையை இன்னொருத்தர் உக்காந்து ரசிக்கிறதா? எனக்கு மனசு ஒப்பல" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை அப்படியே உங்களிடம் வந்து சொன்னேன். நீங்களே கீழே இறங்கி வந்தீர்கள். ஜெபம் வேண்டாம், கடவுளிடம் பேச வேண்டாம், இங்கே இல்லாத யாரிடமாவது, அவரவர் மொழியில், சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், முடிந்ததும் உட்காரட்டும், எனக்கு அர்த்தம் தேவையில்லை, யாரும் மொழிபெயர்க்கவும் கூடாது என்றீர்கள். பாஸ்டர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். டிக்கெட் கூடாது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று இரண்டு கண்டிஷன் போட்டு ஒத்துக்கொண்டார்.

ஒத்திகையின்போது ஐயரம்மா, அதாவது பாஸ்டரின் மனைவி, கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டார். "இல்லாதவங்கன்னா யாரு வேணாலுமா? நான் எங்க மாமியாருகிட்ட பேசலாமா? அப்படின்னா ரெண்டு மணி நேரம் ஆகும், பரவாயில்லையா?" ஹாலே சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் நீங்கள், "இந்த அம்மாவை முன் வரிசையில் உட்கார வை" என்றீர்கள்.

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நியூயார்க்கிலிருந்து உங்கள் பழைய மாணவர்கள் வந்தார்கள், நரைத்த தாடியும் கறுப்புச் சட்டையுமாக. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப்புடவையில் வந்து நின்றார்கள். நான் காலையிலிருந்து அடுப்படியில் நின்று பிரியாணி கிண்டியிருந்தேன். நீங்கள் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கைகாட்டக்கூட இல்லை, தலையை மட்டும் அசைத்தீர்கள்.

தொடங்கினார்கள். அப்பா! எத்தனையோ வருடமாகக் கேட்ட சத்தம்தான், அன்றைக்கு எனக்கே புதிதாகக் கேட்டது. கூரை வரை எழும்பியது, ஒரு பக்கம் தணிந்தது, இன்னொரு பக்கம் பொங்கியது. மெதுவாக ஒவ்வொருவராக உட்காரத் தொடங்கினார்கள். குரல்கள் மெலிந்தன. ஐயரம்மா இன்னும் மாமியாரை விட்டபாடில்லை. அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் நாலைந்து பேர். நீங்கள் கைப்பிடிக்கு வெளியே பாதி உடம்பைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் செல்வின் அங்கிள் எழுந்தார்.

செல்வின் அங்கிளை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் சாயர்புரத்துக்காரர். ரிட்டயர் ஆனபின் மகன் வீட்டோடு வந்து இருக்கிறார். பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வது அவர்தான். அன்றைக்கு இரண்டு கையையும் தூக்கி, கோயில் அதிர, "ஆமென்!" என்றார். சபை முழுதும் யோசிக்காமல், ஒரே குரலில், "ஆமென்!" என்றது. ஐயரம்மாகூட மாமியாரைப் பாதியில் விட்டுவிட்டுச் சொன்னார்.

நின்றுவிட்டது. அப்புறம் கறுப்புச் சட்டைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பத்திரிகைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன ஒரு முடிவு, என்ன ஒரு முடிவு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். என் மகளும், "அம்மா, தட் வாஸ் த பெஸ்ட் பார்ட்!" என்று குதித்தாள்.

நான் மாடிக்கு ஓடி வந்தேன். நீங்கள் அங்கே இல்லை. பார்க்கிங் லாட்டில் காரைத் திறந்துகொண்டிருந்தீர்கள். சாவி உள்ளே போகவில்லை.

"எல்லோருக்கும் பிடித்திருக்கிறது" என்றேன்.

"அதுதான் எனக்கு ஆத்திரம்."

"தெரியாமல் செய்துவிட்டார். விடுங்கள்."

"தற்செயலாக நடப்பதையெல்லாம் இசை என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெரிய மனசுக்காரர்கள். நான் அப்படி இல்லை. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை."

சாப்பிடாமல் போய்விட்டீர்கள். உள்ளே வந்தால் செல்வின் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் என்னத்தம்மா பண்ணினேன்? ஜெபம் அந்தரத்துல தொங்கிட்டு நிக்கி. ஒருத்தரும் முடிக்க மாட்டேங்காவ. பாஸ்டரும் வாயத் தொறக்காம நிக்காரு. எவ்வளவு நேரந்தான் பாக்க? நான் முடிச்சு வச்சேன். அதுக்குப் போய் அந்தம்மா கோவிச்சிட்டுப் போறாவ!" அவரிடம் நான் என்ன சொல்வது? ஊரில் எந்த வீட்டில் ஜெபம் நடந்தாலும், தணிந்து வரும்போது யாராவது ஒருவர் எடுத்து முடித்து வைப்பார்கள். அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக எங்களுக்குத் தெரியாது. அவர் தன் கடமையைத்தான் செய்தார். பிரியாணியை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அதன்பின் சில வாரங்கள் நீங்கள் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. வடைத் தட்டோடு வந்தால் ஆர்கனைத் துடைப்பதுபோல் முதுகைக் காட்டி நிற்பீர்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. போங்கள், உங்கள் சங்கீதமும் நீங்களும் என்று நானும் வருவதை நிறுத்தினேன். பிறகு ஒரு ஞாயிறு காலையில் உங்களுக்குப் பதிலாக வேறொருவர் வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். போன் எடுக்கவில்லை. ரூட் 27 சாலை ஓரம் அந்த லாண்டரிக் கடைக்கு மேலே உங்கள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். திறந்தது நீங்கள்தானா என்று தெரிய எனக்கு இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை மெலிந்திருந்தீர்கள்.

வயிற்றில் வந்தது ஈரல் வரை போய்விட்டது என்றீர்கள். கச்சேரிக்கு முன்பே தெரியும் என்றீர்கள். நான் கத்தினேன். முன்பே சொல்லியிருக்க வேண்டாமா, நான் என்ன மூன்றாம் மனுஷியா என்று, பாதி தமிழில் பாதி ஆங்கிலத்தில். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொல்லியிருந்தால் எல்லோரும் எனக்காகப் பேசியிருப்பார்கள். அவரவர் விஷயத்தைப் பேசியிருக்க மாட்டார்கள்" என்றீர்கள். அந்த நிலைமையிலும் உங்களுக்கு அந்த இசைதான் பெரிதாக இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் உட்கார்ந்து உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

சபையில் விஷயம் பரவிவிட்டது. செல்வின் அங்கிள்தான் முதலில் வந்தார். "அந்தம்மாவுக்கு சொகமில்லயாமே? நம்ம போய் ஒரு ஜெபம் பண்ணிட்டு வரண்டாமா?" சுகமில்லாதவர் வீட்டுக்குச் சபையாகப் போய் ஜெபிப்பது எங்கள் வழக்கம். கேட்டுக்கொண்டெல்லாம் போக மாட்டோம். நம்பிக்கை இல்லாதவரின் படுக்கையைச் சுற்றி இவர்கள் போய் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குப் பதறியது. வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று உங்களுக்குப் போன் போட்டேன்.

"எத்தனை பேர்?"

"இரண்டு வேன் நிறைய."

"வரச் சொல். பிரியாணியும் கொண்டுவரச் சொல். சாப்பிட முடியாது. அன்றைக்கு விட்டதை மோந்தாவது பார்க்கிறேன்."

சனிக்கிழமை மதியம் வந்தார்கள். அறையில் இடமில்லாமல் சமையலறையில், மாடிப்படியில், கீழே லாண்டரி வாசல் வரை நின்றார்கள். தரைக்கு அடியில் துணி காயவைக்கும் டிரையர்கள் உருண்டுகொண்டிருந்தன. பாஸ்டர் குனிந்து, ஜெபிக்கலாமா என்று உங்களிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "தாராளமாக" என்றீர்கள். "ஆனால் யாரும் முடித்து வைக்கக் கூடாது."

பாஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கச்சேரிக்கு மனசு ஒப்பாத மனிதர், இதற்கு எப்படி ஒப்புவார் என்று நான் நினைத்தேன். அவர் திரும்பி, படியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "இன்னைக்கு நான் ஆமென் சொல்லப் போறதில்ல. யாரும் சொல்ல வேண்டாம். கர்த்தர்கிட்ட நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. முடிஞ்சவங்க சத்தமில்லாம எறங்கிப் போயிருங்க. வேன்ல வெயிட் பண்ணலாம்." எல்லோருடைய கண்ணும் செல்வின் அங்கிள் மேல் போனது. அவர், "எனக்குத் தெரியும்ப்பா" என்று முறைத்தார்.

தொடங்கியது. நான் ஜன்னலோரம் உங்கள் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு யாரும் உங்களுக்குக் காட்டுவதற்காகப் பேசவில்லை. சிலர் உங்களுக்காகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அவரவர் பாட்டுக்கு அவரவர் கதைக்குப் போய்விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள், அன்று மாடியில் கிடந்ததுபோல. பிறகு படியில் ஒரு குரல் ஓய்ந்தது. காலடிச் சத்தம். கீழே ஒரு கார்க் கதவு. இன்னொரு குரல். ஐயரம்மா வெகுநேரம் நின்றார், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். பாஸ்டரும் போனார். கடைசியில் உங்கள் கட்டிலோரம் முழங்காலில் நின்ற செல்வின் அங்கிள் மட்டும்தான்.

அவர் கடவுளிடம் பேசவில்லை. செத்துப்போன மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் இங்கே வந்த பிறகு ஊரில் அந்த அம்மா தவறிவிட்டார். விசா பேப்பர் சிக்கலால் போக முடியாமல், அடக்கத்தை மகனின் போனில் பார்த்தார். "ஏட்டி, கேக்கியா? இங்க முருங்கக்கா பனிக்கட்டியா பாக்கெட்டுல வருதுட்டி. வாயில வைக்க முடியல. மருமவ நல்ல பிள்ளதான். இட்லிதான் கல்லு மாதிரி இருக்கு. உன் கண்ணாடிய நான் எடுத்து வச்சிருக்கேன். யாருக்கும் குடுக்கல." போய்க்கொண்டே இருந்தது. எந்த ஜெபத்திலும் அந்த மனிதர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. எப்போதும் முந்திக்கொண்டு ஆமென் சொல்லிவிடுவார்.

அர்த்தமே வேண்டாம் என்ற நீங்கள் கண்ணைத் திறக்காமல் கேட்டீர்கள். "என்ன சொல்கிறார்?"

"பொண்டாட்டியிடம் இந்த ஊர் முருங்கைக்காயைப் பற்றிக் குறை சொல்கிறார்."

உங்கள் வாய் ஓரம் சிரித்தது.

அவர் பேச்சு ஒரு இடத்தில் நின்றது. கண்ணைத் துடைத்தார். உங்களைப் பார்த்தார். வாய் திறந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். உங்கள் போர்வையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கட்டிலைப் பிடித்து எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அப்புறம் டிரையர் சத்தம் மட்டும்தான்.

"கேட்டாயிற்றா?" என்றேன். உங்கள் வாழ்நாள் ஆசை நிறைவேறிவிட்டது என்ற சந்தோஷம் எனக்கு.

"இன்னும் முடியவில்லை."

"எல்லோரும் போய்விட்டார்கள்."

"நீ இருக்கிறாய்."

நான் தண்ணீர்க் கோப்பையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தீர்கள். "கச்சேரியிலும் பார்த்தேன், இன்றைக்கும் பார்த்தேன். உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை" என்றீர்கள்.

"எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை."

"பொய். சரி, அவசரமில்லை. நீ சொல்லி முடிக்கும்வரை இது முடியாது. நான் இருக்கிறேன்."

நீங்கள் இருக்கவில்லை. அடுத்த வாரம், நான் ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை மியூட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில், போய்விட்டீர்கள். உங்கள் ஆசையை நான் ஒருத்தி பாதியில் நிறுத்தி வைத்திருக்க, முடிவைக் கேட்காமலே போய்விட்டீர்கள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச எனக்கு அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்பீர்கள்.

இப்போது வருகிறது. வண்டி ஓட்டும்போது வருகிறது. ரூட் ஒன்னில் சிக்னலில் நிற்கும்போது சத்தமாகவே பேசுகிறேன், பக்கத்துக் கார்க்காரர்கள் நான் போனில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் பிரியாணியைத் தின்னாமல் போனதற்கு உங்களைத் திட்டுகிறேன். இந்த நாட்டில் ஒருவருக்கு மனைவியாகவோ ஒருவருக்கு அம்மாவாகவோ ஒரு டீமுக்கு டெஸ்டராகவோ இல்லாமல், சும்மா நானாக உட்கார்ந்திருந்தது உங்கள் மாடியில் மட்டும்தான் என்று சொல்கிறேன். மகளுக்குப் பல்லில் பிரேஸஸ் போட்டாயிற்று. செல்வின் அங்கிள் இப்போதெல்லாம் ஆமென் சொல்வதில் கொஞ்சம் பிந்துகிறார், பிரியாணி ஆறித்தான் போகிறது. எனக்கு உங்களை ரொம்பத் தேடுகிறது. இப்படி ஏதாவது, தினமும் ஏதாவது.

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருக்கிறது. கடைசிக் குரலாக இருக்க யாருக்கும் பிடிக்காது என்றீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆண்ட்டி. நான் பேசுகிற வரைக்கும் உங்கள் இசை முடியாது.